ஆகாயத்தில் கட்டப் பார்த்த லயம்

பண்டாரவளையில் இரண்டு நாள் கூட்டம் ஒன்றுக்கு மொழிபெயர்க்க வர முடியுமா என்று கொழும்பிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கேட்டபோது நான் பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்ன தலைப்பு என்றேன். "விண்வெளியில் மனிதர்களுக்கு நீதியான, நிலைபேறான எதிர்காலம்" என்றாள். பஸ் இரைச்சலில் காதில் ஏதோ தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்டேன். அதேதான்.

ஊவா மாகாணத்தில் நடக்கும் கூட்டங்களில் ஆங்கிலத்தில் பேசுகிறவர்களைத் தமிழாக்குவதும், தமிழில் பேசுகிறவர்களை ஆங்கிலமாக்குவதும் என் பிழைப்பு. டெங்கு, ஆடு வளர்ப்பு, தாய்ப்பால், நல்லிணக்கம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாயிற்று. ஆகாயம் மட்டும்தான் பாக்கி இருந்தது.

அவள்தான் கூட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். என்னைவிட இருபது வயது இளையவள், மரியாதையாகப் பேசுகிறவள். நிலவிலும் செவ்வாயிலும் மனிதர்கள் குடியேறினால் எப்படி வாழ வேண்டும் என்று பல நாடுகளில் சாதாரண மக்களிடம் கேட்கிறார்களாம். "மண்சரிவில இடம்பெயர்ந்த தோட்டத்து ஆட்கள் சில பேரையும் கூப்பிட்டிருக்கோம் அக்கா. நெருக்கமான இடத்தில இருந்து பழகினவங்க இல்லையா?" என்றாள்.

பழகினவங்க. அந்தச் சொல்லை அன்று முழுக்க மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

கூட்டத்தன்று காலை வேன் என்னைப் பதுளையில் ஏற்றிக்கொண்டு தெமோதரைக்கு மேலே போனது. அங்கே மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் மாடி. முன்பு கொழுந்தைப் பரப்பி வாட்டிய இடம். மழையில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பின்னால் மலை வெடித்ததும் பதினெட்டுக் குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். "கொஞ்ச நாளைக்கு" என்று சொன்னார்களாம். நான் போன அன்று ஏழு மாதம் முடிந்திருந்தது. ஆறு பேர் வேனில் ஏறினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கொழுந்தெடுக்கிறவள். விரல் நுனிகளில் கறை கறுத்துப் போயிருந்தது. என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்றேன்.

"மிஸ்ஸுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"பதுள டவுன்."

"பொறந்ததே டவுனா?"

"ஆமா."

பொய். அந்த மாடியிலிருந்து இரண்டு மலை தள்ளி, ஒரு லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள் நான். பதினெட்டு வயது வரை அங்கேதான் இருந்தேன். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் உத்தியோகத்தர்களின் குரல் மாறும். அதற்குப் பயந்து பழகிய பொய் அது. அன்றைக்கு அதற்குத் தேவையே இல்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"இன்னைக்கு என்ன கூட்டம் மிஸ்? வீட்டு விசயமா?"

"வீட்டு விசயந்தான். ஆனா இங்க இல்லக்கா. ஆகாயத்துல."

என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பி மற்றவர்களிடம், "கேட்டீங்களா? கீழ வீடு கட்ட ஏழு பேர்ச் காணி காட்ட ஏலாம ஆகாயத்துக்குப் போயிட்டாங்களாம்" என்றாள். வேனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

காலை அமர்வில் அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர்தான் அமர்வை நடத்தினார். வயதானவர், தன்மையானவர். மேடையை விட்டு இறங்கி, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். ஹோட்டல் மண்டபத்தின் பின்மூலையில் மைக்கோடு நான். தோட்டத்து ஆட்களின் காதில் என் தமிழ், அவர் காதில் என் ஆங்கிலம்.

இப்போது இருக்கும் இடத்தில் முதலில் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா பேசினாள்.

"மொதல்ல கதவு வேணுங்க. ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் நடுவுல சேலைதான் கட்டியிருக்கு. சேல கண்ணத்தான் மறைக்கும், சத்தத்த மறைக்காது. புருசன் பொஞ்சாதி ஒரு சண்ட போட ஏலாது. சண்ட போட ஏலாட்டி சமாதானமும் ஆக ஏலாதுங்களே."

பேராசிரியர் எழுதிக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை.

"அடுத்தது தண்ணி. டேங்கிச் சாவி ஒருத்தர் கையில இருக்கு. அவரு நல்ல மனுசன்தான், குத்தம் சொல்லல. ஆனா அவருக்குக் கோவம் வந்துறக் கூடாதேன்னு பயந்து பயந்து பேசுறோம். சாவி ஒரு ஆளு கையிலயே இருக்கக் கூடாதுங்க. வாரத்துக்கு ஒரு குடும்பம்னு சுத்தி வரணும்."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் அவர் பேனாவை வைத்துவிட்டார். தாங்கள் திட்டமிடும் இடத்தில் தண்ணீர் மட்டுமல்ல, மூச்சுவிடும் காற்றே ஓர் இயந்திரத்திலிருந்துதான் வரும். அதன் சாவி யார் கையில் என்ற கேள்வியைத் தன்னோடு வேலை செய்கிறவர்கள் வருடக்கணக்காகத் தள்ளிப்போடுகிறார்கள் என்றார். நான் வேடிக்கை என்று நினைத்த தலைப்பு வேடிக்கை இல்லை. காற்றை மூடித் திறக்க ஒரு குழாய் இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு மனிதன் நிற்பான். அவன் யார், அவனை யார் மாற்றலாம் என்பதை ஏறுவதற்கு முன்னால் பேசியே ஆக வேண்டும். அதைப் பேசத் தகுதியுள்ளவள் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் திரையில் படம் காட்டிப் பேசினார். வட்ட வட்டமாகக் கண்ணாடிக் கூடங்கள், உள்ளே பயிர்கள், சிவப்பு மண். நன்றாகத்தான் இருந்தது. அதற்கடுத்த படம் கறுப்பு வெள்ளை. மலைச் சரிவில் நீளமான லயம் ஒன்று. முன்னால் வரிசையாக நிற்கும் ஆட்கள்.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. பேசுகிறவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே என் வாயால், என் குரலில், நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான்:

"தனித்து இயங்கும் குடியிருப்புக்கு முன்மாதிரி தேடி நான் தூரம் போகவில்லை. இந்த மலைகளிலேயே இருக்கிறது. வேலை, வீடு, மருந்தகம், பிள்ளை பராமரிக்கும் இடம், கோயில், கடை எல்லாம் நடக்கும் தூரத்தில். வெளியே போகும் தேவை மிகக் குறைவு. யாருக்கு என்ன பொறுப்பு என்பதில் குழப்பம் இல்லை. அதிலிருந்த அநீதிகளை நீக்கிவிட்டால், இந்த அமைப்பு விண்வெளியின் முதல் நூறு வருடத்துக்கு மிகவும் பொருந்தும். முதல் தலைமுறை சில உரிமைகளைத் தள்ளிவைக்க வேண்டி வரலாம். சொத்துரிமை, விருப்பப்படி வெளியேறும் உரிமை, நிர்வாகத்தை மாற்றும் உரிமை. பின்னால் வருகிறவர்களுக்கு அவை கிடைக்கும்."

"அநீதிகளை நீக்கிவிட்டால்" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். நாலைந்து வினாடி இருக்கும். ஆறு பேரும் காதுக்கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப்பார்த்து என் பக்கம் திரும்பினார்கள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காலையிலிருந்து அவரை நம்பி மனதைத் திறந்து பேசியவர்கள் இதைக் கேட்காமலேயே வீடு போய்விடுவார்கள். ஆனால் அது அவர்களைப் பற்றியது. கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான். பற்களைக் கடித்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அக்கா கையை உயர்த்தினாள். ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். பேராசிரியர் சொல்லுங்கள் என்றார்.

"ஐயா, மொதல் தலமொற பொறுத்துக்கணும்னு சொன்னீங்க. எங்க வீட்டுல, இந்தத் தோட்டத்துக்கு வந்ததுலேர்ந்து நான் அஞ்சாவது தலமொற. எங்களுக்கு இன்னும் வீட்டுக்கு நம்பர் இல்ல. எங்களுக்கு வாற கடுதாசி தோட்டத்து ஆபீசுக்குத்தான் போவுது. என் தங்கச்சி மகனுக்கு வேலைக்கி வந்த கடுதாசி, நாள் கழிஞ்ச பொறகு கையில கெடைச்சுது. அந்த மொதல் தலமொற எத்தினாவது தலமொறையில முடியும்னு நீங்க சொன்னா நாங்க தெரிஞ்சுக்குவோம். அப்புறம், அங்க போனவுக திரும்பி வரணும்னா யார்கிட்ட சீட்டு வாங்கணும்?"

இதையும் நான் "நான்" என்றுதான் ஆங்கிலத்தில் சொன்னேன். நான் ஐந்தாவது தலைமுறை. எங்களுக்கு வீட்டு எண் இல்லை. இருபது வருடத் தொழிலில் என் குரல் நடுங்கியது அன்றுதான். விதிக்காகச் சொன்ன அந்த "நான்" அன்றைக்கு உண்மையாகவும் இருந்தது.

பேராசிரியரின் முகம் சிவந்தது. இது உணர்வுபூர்வமான, மிக முக்கியமான பார்வை என்றார். அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தவரை ஒருங்கிணைப்பாளர் முந்திக்கொண்டாள். நேரமாகிவிட்டது, தேநீர் இடைவேளை.

தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அக்கா என்னிடம் வந்தாள். "நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா மிஸ்?"

"ஒரு வார்த்த விடலக்கா."

"உங்க கொரலு ஏன் அப்படி ஆச்சு?"

"நானும் லயத்துல பொறந்தவதாங்க்கா" என்று சொல்லி, என் தோட்டத்தின் பெயரையும் சொன்னேன்.

தழுவிக்கொள்வாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் முகம் இறுகியது. "அப்ப காலையில ஏன் டவுன்னு சொன்னீங்க? எங்களோட ஒக்காந்திருக்கவே வெக்கமா?"

அவள் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சற்று நேரத்தில், படம் எடுக்க வந்தவர் ஹோட்டல் வரவேற்பறையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த கொழுந்துக் கூடையை எடுத்துவந்து அவளிடம் கொடுத்து, புல்வெளியில் நிற்கச் சொல்லிப் படம் எடுப்பதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். திரும்பும்போது வேனில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டாம் நாள் அவர்களுக்கு வேனே போகவில்லை. அன்று தீர்மானங்கள் எடுக்கும் நாள்.

ஒரு மாதம் கழித்து ஆங்கில அறிக்கையின் வரைவு எனக்கு வந்தது, தமிழாக்கித் தரும்படி. அட்டையில் அக்கா. கையில் அந்த அலங்காரக் கூடை. உள்ளே "மீண்டெழும் தன்மை" என்று ஓர் அத்தியாயம். சேலைத் தடுப்புகளுக்குள்ளும் தோட்டச் சமூகம் இணக்கமாக வாழ்கிறது என்று அதில் எழுதியிருந்தது. கதவு வேண்டும் என்று அவள் சொன்னதைத்தான் அப்படி ஆக்கியிருந்தார்கள். சாவி சுற்றி வரவேண்டும் என்ற யோசனை இருந்தது, யாருடையது என்று இல்லை. அவள் கேட்ட இரண்டு கேள்விகளும் எங்கேயும் இல்லை. முதல் தலைமுறை உரிமைகளைத் தள்ளிவைப்பது பற்றிய பந்தி மட்டும் சிந்தாமல் சிதறாமல் பரிந்துரைகளில் உட்கார்ந்திருந்தது.

ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன்.

"அந்த அம்மா கேட்டது எங்க?"

"எது அக்கா?"

"அஞ்சாவது தலைமுறைன்னு கேட்டாங்களே. நான்தானே சொன்னேன். ரெக்கோர்டிங் இருக்கும்."

"அது... அது இந்த நாட்டுப் பிரச்சினைதானே அக்கா. இது உலகத்துக்குப் போற ரிப்போர்ட். பொசிட்டிவா இருக்கணும். அந்தப் பிரச்சினைய வேற இடத்தில பேசலாம்."

"எந்த இடத்தில?"

அந்தப் பக்கம் அவள் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க தங்கச்சி. கீழ பேசினா அரசியல்ங்கிறாங்க. மேல பேசினா இந்த நாட்டுப் பிரச்சினைங்கிறீங்க. நடுவுல எங்க பேசுறது?"

"நீங்க ஏன் அக்கா பர்சனலா எடுக்கிறீங்க?"

கையிலிருந்த தொலைபேசியைச் சுவரில் அடிக்காமல் வைத்தது என் வாழ்க்கையில் நான் காட்டிய பெரிய பொறுமை. இதைத் தமிழாக்க மாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் தெமோதரைக்குப் போய், அங்கிருந்து தொழிற்சாலைக்கு நடந்தேன்.

அக்கா என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. "டவுன் மிஸ் வந்திருக்காங்க" என்றாள் உரக்க. வாங்கிக்கொண்டேன். அது எனக்கு வேண்டியதுதான். மாடியில் உட்கார்ந்து, அறிக்கையில் அவர்களைப் பற்றி இருந்த பக்கங்களை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் வாசித்தேன். சேலைகளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். இணக்கமாக வாழ்கிறது என்ற வரிக்கு ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். யாரும் அவரை அதட்டவில்லை. அக்கா அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"சும்மா புடிங்கன்னு குடுத்தாங்க. நானும் புடிச்சேன்" என்றாள். பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எழுதுங்க. நாங்க சொல்றத எழுதி அதே ஆளுகளுக்கு அனுப்புங்க" என்றாள்.

பள்ளிப் பிள்ளை ஒன்றின் அப்பியாசக் கொப்பியிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார்கள். போகிற வழி இருந்தால் வருகிற வழியும் இருக்க வேண்டும், அதை ஆபீசில் கேட்டு வாங்கும்படி வைக்கக் கூடாது என்றாள் அக்கா. வீட்டுக்குக் கதவு, கதவுக்கு நம்பர். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதவள், "அங்க பொறக்குற பிள்ளைய அப்பன் ஆத்தா போட்ட ஒப்பந்தத்துல சேக்கக் கூடாது" என்றாள். அதை எழுதி அடிக்கோடிட்டேன். ஒரு கிழவர் செத்தவர்களைப் புதைக்கிற இடத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது என்றார். ஆபத்தான இடம் என்று சொல்லி வெளியேற்றிய இடத்துக்கே திரும்பிப் போகச் சொல்லக் கூடாது என்றார் இன்னொருவர்.

"கடைசியா இத எழுதுங்க" என்றாள் அக்கா. "மொதல் நாள்ல இல்லாதது அப்புறம் வராது. தர்றதா இருந்தா மொதல் நாளே எழுதித் தரணும்."

அனுப்புகிறவர் முகவரி என்று நான் கேட்டபோது எல்லோரும் விழித்தார்கள். "பேக்டரி மாடி, படிக்கட்டுலேர்ந்து மூணாவது சேலைன்னு போடுங்க" என்றாள் அவள். அப்படியே போட்டேன். புறப்படும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழமயும் வாங்க பிள்ள" என்றாள். மிஸ் போய் பிள்ள ஆனது அன்றுதான்.

அந்தப் பக்கத்தை ஆங்கிலமாக்கி, கூட்டத்துக்கு வந்த எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் அனுப்பினேன். இது அறிக்கையின் வரையறைக்குள் வராது என்று ஒருங்கிணைப்பாளர் இரண்டு வரி எழுதினாள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து எனக்கு வேலை வரவில்லை. பேராசிரியர் மட்டும் நீளமாக எழுதினார். அமைப்பு வேறு, அநீதி வேறு என்று நினைத்திருந்ததாகவும், இந்தப் பக்கம் இரண்டும் ஒன்றுதான் என்று வாதிடுவதாகவும், தான் முழுதாக ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இதை அச்சிடச் சொல்லப்போவதாகவும் எழுதியிருந்தார். முழுதாக ஒப்புக்கொள்ள இன்னும் எத்தனை தலைமுறை வேண்டும் என்று பதில் எழுதி, அழித்துவிட்டு, நன்றி என்று மட்டும் அனுப்பினேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அறிக்கை அச்சாகி வந்தது. அட்டையில் அக்கா இல்லை, ஏதோ ஒரு கிரகம் இருந்தது. அவர்களுடைய பக்கம் கடைசியில், பின்னிணைப்பாக, சிறிய எழுத்தில். முதல் தலைமுறைப் பந்தி இருந்த இடத்திலேயே இருந்தது. "இதில் மாற்றுக் கருத்து உண்டு" என்று ஒரு வரி மட்டும் கூட்டியிருந்தார்கள்.

அதே மாதம் ஓர் உத்தியோகத்தர் மாடிக்கு வந்தார். மழை விட்டுவிட்டது, லயத்துக்குத் திரும்பலாம், கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார். ஞாயிறு இல்லையென்றாலும் அன்று நான் அங்கே இருந்தேன். மலை வெடித்தது மூடிக்கொண்டதா என்று அக்கா கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அவள் உள்ளே போய், நான் கொடுத்திருந்த அந்தப் பின்னிணைப்பை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வாசித்தார். "இது ஆகாயத்துக்குப் போறவங்களுக்குத்தானே?"

"ஆமாங்க. இன்னும் போகாதவுகளுக்கே அச்சடிச்சுட்டாங்க. நாங்க இங்கயேதான் இருக்கோம். எங்களயும் அதுல சேத்துக்கங்க."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, மேலிடத்தில் சொல்கிறேன் என்று போனார். மறுபடி வரவில்லை. காலி செய்யச் சொல்லியும் யாரும் வரவில்லை; காணி காட்டவும் யாரும் வரவில்லை.

ஆனால் இரண்டு குடும்பங்கள் பொறுக்க மாட்டாமல் தாங்களாகவே பழைய லயத்துக்குத் திரும்பிவிட்டன. அதில் ஒரு வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண் இருக்கிறாள். மாடி இரைச்சலில் படிக்க முடியவில்லை. போன வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். பின்சுவர் வெடிப்பில் உரச் சாக்கை அடைத்திருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. அவளுடைய அப்பா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், வெடித்த மலையைப் பார்த்தபடி நின்றார். மழை விடும்வரை உள்ளே வரவில்லை. அவள் தலையைத் தூக்காமல் படித்துக்கொண்டிருந்தாள்.